தண்டையார்பேட்டை ஃப்ளாட்டா, மீஞ்சூர் தனி வீடா?

பதினான்கு வருடமாக வாடகை வீடு. தண்டையார்பேட்டைக்குள்ளேயே மூன்று வீடு மாறிவிட்டோம். போன தை மாதம் ஹவுஸ் ஓனர் அம்மா வந்து, மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், வீடு வேண்டும் என்றார். அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசினோம். இனி ஒரு தடவை சாமானைக் கட்டினால் அது சொந்த வீட்டுக்காக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சரி என்றேன். எதை வாங்குவது என்று தீர்மானிக்கத்தான் எட்டு மாதம் ஆனது. வடசென்னையில் எங்களைப் போலவே தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் நாங்கள் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வீட்டில் நான்கு பேர். அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் எட்டாவது படிக்கிறாள். அத்தைக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரை மாதாமாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வாங்குகிறோம். சேமிப்பு, பி.எஃப்., கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்துக் கையில் 17 லட்சம்.

கடைசியில் இரண்டு இடம் நின்றன. ஒன்று, தண்டையார்பேட்டையில் 12 வருடப் பழைய ஃப்ளாட், இரண்டு படுக்கையறை, 56 லட்சம். இன்னொன்று, மீஞ்சூரில் அரை கிரவுண்டு மனையில், அதாவது 1,200 சதுர அடியில், தனி வீடு, 48 லட்சம். மாதவரம், கொளத்தூர், செங்குன்றம் எல்லாம் போய்ப் பார்த்தோம். மாதவரத்திலும் கொளத்தூரிலும் தனி வீட்டின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. செங்குன்றத்தில் ரயில் இல்லை, ஜி.என்.டி. ரோட்டு நெரிசலில் தினமும் கிண்டி போய் வர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கடன் 30 லட்சத்துக்கு மேல் போய்விட்டால், 75 லட்சம் வரை பேங்க் வீட்டு விலையில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்தக் கணக்கில் சேராது, நம் கையிலிருந்துதான் போக வேண்டும். கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. ஃப்ளாட்டுக்கு முன்பணம் 11.20 லட்சம், பதிவு 5.04 லட்சம், மொத்தம் 16.24 லட்சம். வக்கீலுக்குக் கொடுத்து, இரண்டு ஃபேன் வாங்கி மாட்டினால் கை காலி. மீஞ்சூர் வீட்டுக்கு 9.60-ம் 4.32-ம் சேர்த்து 13.92 லட்சம். மூன்று லட்சம் கையில் மிஞ்சும்.

வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் கட்ட வேண்டும். ஃப்ளாட்டுக்கு 44.80 லட்சம் கடன், தவணை சுமார் 38,900. தனி வீட்டுக்கு 38.40 லட்சம், தவணை சுமார் 33,300. மாதத்துக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். எங்கள் சம்பளத்துக்கு அது பெரிய தொகைதான். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் மீஞ்சூர்தான் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு, விடியற்காலையிலேயே மீஞ்சூர் போய், அங்கிருந்து வேலைக்குப் போவது போல் கிளம்பிப் பார்த்தார். இதை எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு காரில் போனால் தூரம் தெரியாது. அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிட நடை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டி மீஞ்சூர் வரும்போதே நிரம்பியிருந்தது. வழியில் ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நின்றது. விம்கோ நகரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறி, கிண்டியில் இறங்கி, கம்பெனி வாசலுக்குப் போக மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம். தண்டையார்பேட்டையிலிருந்து அதே மெட்ரோவில் மாறாமல் கொள்ளாமல் ஐம்பது நிமிடத்தில் போய்விடுகிறார். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வசதி. அதற்கு முன் கிண்டி என்றால் இரண்டு பஸ்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வித்தியாசம். மாதம் 25 நாள் என்றால் 50 மணி நேரம். ஐந்தாயிரத்து ஐந்நூறை ஐம்பதால் வகுத்தால் மணிக்கு 110 ரூபாய். அவருடைய ஒரு மணி நேரத்தை 110 ரூபாய்க்கு விற்கச் சம்மதமா என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகளுக்கு எட்டாவது கணக்குப் பாடத்தை அவர்தான் சொல்லித் தருகிறார். ராத்திரி ஒன்பதரைக்கு வந்தால் அது நின்றுவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். வேலை எங்கே என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிவிடும். என் தம்பிக்கு வேலை அத்திப்பட்டுப் பக்கம், காமராஜர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில். அவனுக்கு மீஞ்சூரிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். தண்டையார்பேட்டையில் இருந்தபோது கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் ரோட்டில் தினமும் போய் வருவான். அவன் வீடு வந்து சேரும் வரை அம்மா தூங்க மாட்டார். அவன் மூன்று வருடத்துக்கு முன் மீஞ்சூரில் வீடு வாங்கினான். அவன் செய்தது சரி.

அடுத்தது, கொடுக்கிற பணத்துக்கு உண்மையில் எதை வாங்குகிறோம் என்பது. தனி வீட்டில் இது லேசு. 1,200 சதுர அடி மண் நம்முடையது. ஃப்ளாட்டில் நமக்கு வருவது கட்டடம் நிற்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு, எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது. கட்டடம் வருடா வருடம் பழசாகும். விலை ஏறுவது அடியில் இருக்கும் நிலத்துக்குத்தான். அதனால் ஃப்ளாட் பார்க்கப் போனால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடும் அளவு வேறு. அதில் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாம் சேர்ந்திருக்கும். எங்களிடம் 820 சதுர அடி என்று சொன்ன வீட்டை டேப் வைத்து அளந்தோம். சுவருக்குள் நாம் நடமாடும் இடம் 630 சதுர அடிதான்.

இந்த யு.டி.எஸ். விஷயத்தில் நாங்கள் ஏமாந்திருப்போம். முதலில் நாங்கள் பிடித்தது இப்போது வாங்கும் ஃப்ளாட் இல்லை. பக்கத்துத் தெருவில் வேறொன்று, மூன்றாம் மாடி, நல்ல காற்று, விலையும் ஐந்து லட்சம் குறைவு. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுக்கக் கவரில் பணம் போட்டு வைத்துவிட்டேன். கடையில் எனக்கு வேலையே கணக்கு எழுதுவதுதான், அந்தப் பழக்கத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்த இடத்தில் நடந்த பத்திரப் பதிவுகளின் பட்டியலை, எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகப் படித்தேன். அந்த இடம் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் 400 சதுர அடி யு.டி.எஸ். எழுதி விற்றிருக்கிறார்கள். ஆறு நானூறு 2,400. அங்கேயே நிலம் தீர்ந்துவிட்டது. அப்படியானால் மூன்றாம் மாடி வீட்டின் பத்திரத்தில் எழுதியிருந்த 300 சதுர அடி எங்கிருந்து வந்தது? நான்கு தடவை கூட்டினேன். அவரை எழுப்பிக் கூட்டச் சொன்னேன். அதே விடைதான்.

மறுநாள் அனுமதி வாங்கிய பிளானைக் கேட்டோம். ஓனர் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுக் காட்டினார். அதில் மூன்றாம் மாடியே இல்லை. அனுமதி வாங்காமல் பிறகு எழுப்பிய மாடி அது. கவரில் இருந்த பணத்தை எடுத்துப் பீரோவில் வைத்தேன். எத்தனை குடும்பம் இப்படிப்பட்ட மேல் மாடியை விலை குறைவு என்று வாங்கிவிட்டு, விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் இருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. வில்லங்கச் சான்றில் அந்தக் கட்டடத்தின் எல்லா விற்பனையும் இருக்கும். ஒரு பேப்பரில் யு.டி.எஸ்.ஸைக் கூட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். தயவுசெய்து கூட்டிப் பாருங்கள்.

தனி வீட்டுக்குக் காகிதப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம், அங்கே வேறு மாதிரி. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? பஞ்சாயத்து அப்ரூவல் என்று புரோக்கர் சொன்னால் அது அங்கீகாரமே இல்லை. மீஞ்சூர் பழைய நாளிலிருந்தே சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும எல்லைக்குள் இருக்கும் ஊர். அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்தால், 2016 அக்டோபர் 20-க்குள் விற்பனையாகி, பிறகு வரன்முறை செய்யப்பட்டிருக்கிறதா என்று ஆர்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அடுத்து பட்டா. நாங்கள் பார்த்த வீட்டுக்கு விற்பவர் பெயரில் பத்திரம் இருந்தது, ஆனால் பட்டா இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே மொத்தமாகக் கிடந்தது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லியிருந்தோம். அவரும் ஒத்துக்கொண்டார், நல்ல மனிதர். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்று வரை பத்திரங்கள் சங்கிலி மாதிரி தொடர்கிறதா என்று வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்குமே இது பொது.

இனி தண்ணீர். வடசென்னையில் வீடு வாங்குகிறவர் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் வீண் என்பது என் எண்ணம். மீஞ்சூர் பக்கத்தில் அறுபதுகளிலிருந்தே பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் என்று நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினார்கள். மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே நகர்ந்து வந்துவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தெருவில் குடிக்கலாம், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவுக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையை 2010-ல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் சென்னைக்கு என்று திட்டமிட்டது.

அந்த வீட்டின் போர் தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அத்தைதான் சோதனை செய்தார். அரை ஆழாக்குத் துவரம் பருப்பைக் கழுவி, குக்கர் வேண்டாம் என்று பாத்திரத்திலேயே வேக வைத்தார். இன்னொரு அடுப்பில் அதே பருப்பு, நம் மெட்ரோ வாட்டரில். நம் தண்ணீரில் பருப்பு முக்கால் மணியில் குழைந்துவிட்டது. மீஞ்சூர் தண்ணீரில் ஒன்றரை மணி ஆகியும் பருப்பு பருப்பாகவே நின்றது, நுரை மட்டும் அடங்கவில்லை. அத்தை கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல சோறு பொங்கினா மஞ்சளாத்தான் இருக்கும்" என்றார். அந்த வீட்டுப் பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்ததை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். துணி துவைக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் கேன். இதற்கும் மாதக் கணக்கில் ஒரு தொகை எழுத வேண்டும். தம்பி வீட்டுத் தெருவில் தண்ணீர் பரவாயில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கப் போகிற வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையிலும் தண்ணீர் தானாக வந்து கொட்டுவதில்லை. விடியற்காலையில் அடிபம்பு சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும். ஃப்ளாட்டில் சம்ப் இருக்கிறது, ஆறு வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்தால் மற்ற ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. அதனால் வாங்குவதற்கு முன் கீழ்வீட்டு அக்காவிடம் போய் உட்கார்ந்து, மே மாதத்தில் எத்தனை லாரி வாங்குகிறீர்கள், யார் காசு வசூலிக்கிறார்கள், தராதவர்கள் யாராவது உண்டா என்று எல்லாம் கேட்டேன். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்தது புரோக்கர் மூன்று மாதத்தில் சொல்லவில்லை.

மழைத் தண்ணீர் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மகளின் பிறப்புச் சான்றிதழ் நனைந்து, அதை இஸ்திரிப் பெட்டி வைத்துக் காய வைத்தேன். அதனால் தரைத்தளம் எதுவும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தனி வீடு என்றால் தரைத்தளம்தான். மீஞ்சூர் வீட்டின் பின்பக்கச் சுவரில், பெயின்ட் அடித்த பிறகும் இரண்டடி உயரத்தில் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மறைக்காமல் சொன்னார், புயலில் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் தெருவில் நின்றது, பாதாளச் சாக்கடை இல்லாததால் செப்டிக் டேங்க் நிரம்பிப் பின்னால் தள்ளியது என்று. வாங்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் 2015-லும் 2023-லும் தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள்.

காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டு என்று ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் இருக்கும் பகுதி இது. தண்டையார்பேட்டையும் லாரிப் புகைக்குத் தப்பவில்லை. எந்த வீட்டை வாங்கினாலும் இது நம்மை விடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தடவை அந்தத் தெருவில் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள், பகலில் தெரியாத வாடை அப்போது தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் என் மனசு மீஞ்சூர் பக்கம் இழுத்தது என்பது உண்மை. வாசலில் ஒரு முருங்கை மரம், பின்னால் துணி காயப் போட இடம், மாடியில் வடகம் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். மேலே ஒரு மாடி எழுப்பலாம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் தற்சான்று கொடுத்தே அனுமதி வாங்கலாம். மாடியை வாடகைக்கு விட்டால் தவணையில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடும். தம்பி அப்படித்தான் போன வருடம் மேலே ஒரு போர்ஷன் கட்டினான். ஃப்ளாட்டில் இதெல்லாம் நடக்காது. முப்பது வருடம் கழித்துக் கட்டடம் தளர்ந்தால் இடித்துக் கட்ட மற்ற வீட்டுக்காரர்களும் ஒத்துவர வேண்டும். 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று ஆக்கியிருக்கிறது. ஆறு வீட்டில் நான்கு பேர். அந்த அளவுக்கு அது ஆறுதல்.

என்னைத் தடுத்தது அத்தையின் பகல் பொழுது. நாங்கள் மூன்று பேரும் காலை எட்டு மணிக்கு வெளியே போனால் சாயங்காலம்தான் வருவோம். தவணை கட்டுவது நாங்கள், ஆனால் அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது அவர். இப்போது காலையில் கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் பூக்காரம்மாவிடம் பேசி, மெடிக்கலில் பிரஷர் பார்த்துக்கொண்டு, கீரை வாங்கி வருகிறார். போன வருடம் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தபோது எதிர்வீட்டுப் பையன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஸ்டான்லிக்குக் கொண்டு போனான். நான் எம்.சி. ரோட்டிலிருந்து ஓடி வருவதற்குள் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். மீஞ்சூரில் நாங்கள் பார்த்த நகரில் பாதி மனை காலி. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனபோது தெருவில் ஒரு ஆள் இல்லை. ஐந்து வருடத்தில் அங்கேயும் வீடு வரும், கடை வரும், தெருவே மாறும். அத்தைக்கு இந்த ஐந்து வருடம்தான் முக்கியம்.

அவரிடம் கேட்டோம். "எனக்காகப் பாக்காதீங்க, புள்ளைக்கு மண்ணு இருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது மாடின்னா லிஃப்ட் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

லிஃப்ட் இல்லை. அதனால் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியை விட்டுவிட்டு முதல் மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு வரும் வரை இரண்டு மாதம் காத்திருந்தோம். விலை ஒன்றுதான், யு.டி.எஸ். 400, ஆறு வீட்டையும் கூட்டினால் சரியாக 2,400. பதினெட்டுப் படி. அத்தை கைப்பிடியைப் பிடித்து ஏறிக் காட்டினார், மேலே போய் ஜன்னலைத் திறந்து தெருவில் யார் யார் தெரிகிறார்கள் என்று பார்த்தார்.

அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது, அடுத்த மாதம் பதிவு. அதற்குள் பழைய ஓனரிடமிருந்து பராமரிப்புப் பணம் பாக்கி இல்லை என்ற கடிதம், கடைசி சொத்து வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கான சம்மதம் எல்லாம் வாங்க வேண்டும். பேங்க்காரர் ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போனார், 630-தான் வந்தது. கீழே பொது அடிபம்பு ஒன்று இருக்கிறது. மோட்டார் இருக்கும்போது அது எதற்கு என்று ஒரு வீட்டில் பேசினார்களாம். எடுக்க வேண்டாம் என்று சொல்ல, பதிவு முடிந்ததும் முதல் கூட்டத்துக்கு அத்தையையும் அழைத்துப் போகப் போகிறேன்.